முதலாளிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

2025 ஏப்ரல் 2, புதன்கிழமை. நீலகிரி மாவட்டம் முழுக்கக் கடைகள் அடைத்துக் கிடந்தன. சுற்றுலா வாகனங்கள் மலைக்கு வர வாங்க வேண்டிய இ-பாஸுக்குக் கொண்டுவந்த உச்சவரம்பை எதிர்த்து வணிகர்கள் நடத்திய ஒரு நாள் கடையடைப்பு அது. குன்னூரில் பேக்கரி வைத்திருக்கும் என் மச்சான் வீட்டுக்கு அன்று போயிருந்தேன். பகல் பதினொரு மணி. மனிதர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழுப்பிராதீங்கண்ணா” என்றார் அவர் மனைவி. “வழக்கம்போல நாலரைக்கு எந்திருச்சு ஸ்வெட்டரெல்லாம் போட்டுட்டாரு. இன்னிக்குக் கடை இல்லைன்னு ஞாபகம் வந்ததும் கட்டில்ல உக்காந்தாரு. என்ன பண்றதுன்னே தெரியாம அரை மணி நேரம் அப்பிடியே இருந்தாரு. அப்புறம் சாஞ்சவருதான்.”

அவருக்கு வயது 49. மூன்று பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். மூவருக்கும் வாரத்தில் ஒரு நாள் மாற்றி மாற்றி விடுப்பு உண்டு. அவர்கள் வராத நாளில் அவர்கள் இடத்தில் நிற்பது இவர். காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறக்குகிறார். வாரத்துக்கு நூறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. அன்று அவர் தூங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: இந்த மலையில் ஒரு கடைக்காரர் பகலில் கண்ணை மூட வேண்டுமென்றால் மாவட்டமே கதவடைக்க வேண்டியிருக்கிறது. எல்லாரும் மூடினால்தான் அவரால் மூட முடியும்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்று பேசியது வெளியே வந்தது. நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அந்தக் கொதிப்பின்போது என் மச்சான் தொலைக்காட்சியைப் பார்த்தபடி வர்க்கி பிஸ்கட்டை எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர் ‘முதலாளி’.

இந்தச் சொல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. முதல் போட்டவர் முதலாளி. விலை வைப்பவர், நேரம் வைப்பவர், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் என்றெல்லாம் நாமாக அதற்குப் பொருள் ஏற்றி வைத்திருக்கிறோம். நீலகிரியில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், வர்க்கி அடுப்புக்காரர், வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்பவர், நாலு அறை காட்டேஜ் நடத்துபவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், விலை அவர்கள் கையில் இல்லை. மழை, பனி, சீசன், வட்டி எதுவும் அவர்கள் கையில் இல்லை. குறைக்கச் சொல்லிக் கேட்டால் மறுபேச்சின்றிக் குறைகிற செலவு ஒன்றே ஒன்றுதான்: அவர்களுடைய சொந்தத் தூக்கம்.

இரண்டு மாதத்தில் ஒரு வருடம்

சமவெளியில் கடை வைத்திருப்பவருக்கு வருடம் 12 மாதம். மலைக்கு அப்படியில்லை. ஏப்ரலும் மேயும்தான் பெரிய சீசன். செப்டம்பர், அக்டோபரில் ஒரு சின்ன சீசன். நடுவில் தென்மேற்குப் பருவமழை, பிறகு வடகிழக்குப் பருவமழை, பிறகு உறைபனி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மண்சரிவில் பலர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். அப்படி ஒரு மழை வந்தால் சாலை போகும், சாலையோடு வாரக் கணக்கில் வியாபாரமும் போகும். ஆக, கடை வாடகை, பள்ளிக் கட்டணம், வங்கித் தவணை எல்லாவற்றையும் அந்த அறுபது நாளில் சம்பாதித்தாக வேண்டும். அந்த அறுபது நாளில் காய்ச்சல் வரக் கூடாது, சொந்தத்தில் கல்யாணம் வரக் கூடாது, துக்கமும் வரக் கூடாது. மே 5 வணிகர் தினம். மற்ற ஊர்களில் வணிகர்கள் கடையை மூடிவிட்டு மாநாட்டுக்குப் போவார்கள். மலையில் அது சீசனின் உச்சம். மூடிவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்?

2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்கே வரம்பு: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. மலை தாங்காது என்ற நீதிமன்றத்தின் கவலை முற்றிலும் நியாயமானது. மே மாதத்தில் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை ஊர்ந்து வந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால், சீசனை நம்பி ஜனவரியிலேயே கடன் வாங்கிச் சரக்குப் போட்டவருக்கு அந்த உத்தரவு மார்ச் மாதத்தில்தான் தெரியவந்தது. மலையைக் காப்பாற்ற வேண்டிய சுமை யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அதுதான் என் வருத்தம்.

வர்க்கி அடுப்புகளில் வேறு விதமான நெருக்கடி. மாவை முந்தின நாளே பிசைந்து புளிக்க விட வேண்டும். விறகு அடுப்பு. குளிர் கூடினால் மாவு எழும்பாது, ஈரம் கூடினால் மொறுமொறுப்பு நிற்காது. எனவே இரவில் எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் மைதாவும் வனஸ்பதியும் விறகும் விலை ஏறும்போது, பொட்டலத்தின் விலையைப் பத்து ரூபாய் ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிற வாடிக்கையாளரிடம் புவிசார் குறியீட்டைக் காட்டி என்ன செய்வது? விலையை ஏற்ற முடியாதவர் அடுப்பாளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார். குறைந்த ஆளின் இடத்தில் தானே இறங்குகிறார்.

இலைக்குக் காத்திருக்கத் தெரியாது

கடைகளை விட்டுத் தேயிலைக்கு வந்தால்தான் இந்த அவதியின் முழு உருவம் தெரியும். கோத்தகிரிப் பக்கம், குந்தாப் பக்கம், மஞ்சூர், எடப்பள்ளி என எங்கே திரும்பினாலும் படுகர் ஊர்களான ஹட்டிகளைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று சிறு தேயிலைத் தோட்டங்கள். தேயிலை வாரியத்தின் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. உண்மையில் 25 ஏக்கர் உள்ளவரை ஊருக்குள் பெரிய பணக்காரர் என்பார்கள்.

தேயிலைச் செடி பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கையை எதிர்பார்க்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். முற்றிய இலையைத் தொழிற்சாலை தள்ளும், அல்லது விலையைக் குறைக்கும். பறித்த இலையோ சாக்குக்குள்ளேயே சூடேறத் தொடங்கும். அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். நெல் என்றால் குதிரில் போட்டு வைக்கலாம், மஞ்சளை விலை வரும் வரை கிடங்கில் வைக்கலாம். பச்சை இலைக்குக் காத்திருக்கத் தெரியாது. காத்திருக்கத் தெரியாத சரக்கை வைத்திருப்பவரிடம் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வரும்? எடை போடுமிடத்தில் ஈரத்துக்கென்று கழிவு போடுவார்கள். மழை நாளில் அந்தக் கழிவைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெற்றுச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு திரும்புபவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

விலை வருவது அதற்கும் பிறகு. குன்னூர் ஏலத்தில் வாராவாரம் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்து, தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சை இலைக்குச் சராசரி விலையை அறிவிக்கும். தூள் விற்ற வருவாயில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. சரக்கைக் கொடுத்த பிறகு விலை தெரிந்துகொள்ளும் வியாபாரம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. தொழிற்சாலைக்காரரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் எளிதல்ல. அவரும் ஏலத்தில் கிடைத்ததைத்தான் வாங்கிக்கொள்கிறார். விறகு, மின்சாரம், வங்கி வட்டி அவர் கழுத்திலும் இருக்கிறது. 1960களில் விவசாயிகளுக்காகவே தொடங்கிய இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் அதே ஏல விலையோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

தொண்ணூறுகளின் பாதி வரை இலை நல்ல காசு தந்தது. உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறியவர்கள் அந்தக் காசில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நீலகிரித் தூளுக்குப் பெரிய வாடிக்கையாக இருந்த சோவியத் யூனியன் 1991இல் உடைந்தது. அந்த அடி சில ஆண்டு கழித்து மலைக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் சரிந்த விலை, அதன்பின் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறதே தவிர, செலவுக்கு ஈடாக நிலைத்து நிற்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆள் கையால் பறித்து ஒரு நாளில் 25 கிலோ சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ 15 ரூபாய் என்றால் 375 ரூபாய். அதிலிருந்து பறித்தவருக்குக் கூலி கொடுத்து, உரம், மருந்து, கவாத்துச் செலவு, இலையை ஏற்றிப்போகும் வண்டி வாடகை எல்லாம் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது. ஆகவே கணவனும் மனைவியும் தாங்களே கூடையைத் தூக்குகிறார்கள். கூலி மிச்சம் என்கிறார்கள். மிச்சமில்லை, அந்தக் கூலியை அவர்கள் உடம்பு கொடுக்கிறது. கணக்கு நோட்டில் தன் உழைப்புக்கு ஒரு வரி எழுதிய சிறு விவசாயியை நான் இதுவரை பார்த்ததில்லை.

2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். ஒரு கிலோ இலைக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டார்கள். உற்பத்திச் செலவோடு பாதியைக் கூட்டித் தர வேண்டும் என்ற எம்.எஸ். சுவாமிநாதன் குழுவின் பரிந்துரைதான் அந்தத் தொகைக்கு அடிப்படை. ஊர் ஊராக முறை வைத்து வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தல் கேட்டது விலையை மட்டும்தான். எனக்கு அது ஓய்வுக்கான போராட்டமாகவும் பட்டது. கிலோவுக்கு நியாயமான விலை வந்தால் ஓர் ஆளைக் கூலிக்கு வைக்கலாம். ஓர் ஆளை வைத்தால் முட்டி வலியோடு சரிவில் இறங்குகிற அறுபது வயது அம்மா ஒரு நாள் வீட்டில் இருக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில் தோட்டத்தைத் தாங்குவது அவர்கள்தான். காலையில் இலை, மதியம் வீட்டு வேலை, மாலையில் மாட்டுக்குப் புல். குழுக் கடனின் வாரத் தவணை நாள் வந்தால் பணம் புரட்டுவதும் அவர்கள் பாடு. சாக்லேட் வீட்டுத் தொழிலிலும் கிளறுவது, அச்சில் ஊற்றுவது, தாள் சுற்றுவது எல்லாம் பெண் கைகள். பெயர்ப்பலகையில் இருப்பது பெரும்பாலும் கணவர் பெயர். காட்டுமாடு நிற்கிறதா, கரடி நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேயிலைக்குள் இறங்குகிற பயத்தை எந்த நோட்டில் எழுதுவது?

சட்டம் மறந்த ஒரு வரி

வேலை நேரத்துக்கு நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பும் வாரத்துக்கு ஓய்வு நாளும் வைத்தது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்குத்தான் அது பொருந்தியது. இரண்டு ஏக்கர்க்காரர் அதற்கு வெளியேதான் இருந்தார். தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. மனிதத்தன்மையுள்ள திருத்தம். என் மச்சான் மூன்று ஸ்டூல் வாங்கிப் போட்டார். மூன்றிலும் ஊழியர்கள் உட்கார்கிறார்கள். அவர் கல்லாவில் நிற்கிறார்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய சட்டங்களைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 11ஆம் பிரிவு. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுமையாக மூடியிருக்க வேண்டும் என்கிறது அது. எந்த நாள் என்பதைக் கடைக்காரரே எழுதி, கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஊழியருக்கு விடுப்பு கொடு என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கடையையே மூடு என்கிறது. கடை மூடினால்தானே கடைக்காரர் வீட்டுக்குப் போவார்!

பஞ்சாபிலும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. 1954இல் பெரோஸ்பூரில் ஒரு புத்தகக் கடையில், வார விடுமுறை நாளன்று கடைக்காரரின் மகன் வியாபாரம் செய்ததாக வழக்கு. என் கடையில் வேலையாளே கிடையாது, என் குடும்பம்தான் உழைக்கிறது, என்னை மூடச் சொல்ல நீங்கள் யார் என்பது கடைக்காரரின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. உழைப்பவரின் உடல்நலத்தில் சமூகத்துக்கு அக்கறை உண்டு, அவர் தனக்குத்தானே முதலாளியாக இருந்தாலும்கூட, என்பது தீர்ப்பின் சாரம். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ‘நீயும் உழைப்பாளிதான், உன் உடம்பும் எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு சின்னக் கடைக்காரரைப் பார்த்து இந்த நாடு ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது.

2019இல் தமிழக அரசு, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகள் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை போட்டது; பிறகு அதை நீட்டித்தது. பெரிய கடைகளில் ஆட்கள் முறை மாற்றி வருவார்கள். பெரிய கடை திறந்திருக்கும்போது சின்னக் கடை மூடினால் வாடிக்கையாளர் போய்விடுவார். சின்னக் கடையில் முறை மாற்ற யார் இருக்கிறார்கள்? வணிகர் நல வாரியம் 1989 முதல் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறது. உயிரோடு இருக்கையில் அவர் ஒரு நாள் படுத்துக்கொள்ள வழி செய்யும் திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பில் போடாத கடன்

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடு அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் உலகம் முழுக்க 7,45,000. மச்சானின் நூறு மணி நேரத்தை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் இவர் வீட்டில் இருந்தால்தானே!

உடம்பு சொல்வதையாவது ‘பிரஷர்’, ‘சுகர்’ என்று பெயர் வைத்துப் பேசிவிடுகிறோம். மனதுக்கு நம்மிடம் இருப்பது ‘டென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல். இரவு படுத்த பிறகும் தலைக்குள் கணக்கு ஓடுவது, பிள்ளை பேசுவது காதில் விழாமல் போவது, போன் அடித்தாலே கடன்காரரோ என்று நெஞ்சு பதறுவது எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் திணித்துவிட்டு மறுநாள் ஷட்டரைத் தூக்குகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, கொரோனா ஊரடங்கு வந்த 2020இல் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்த தொழில், வணிகம் செய்வோர் 11,716 பேர். அதே ஆண்டில் விவசாயத் துறையில் 10,677 பேர். விவசாயியின் துயரம் ஓரளவுக்காவது நம் பேச்சில் இருக்கிறது. கடைக்காரருக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் கல்லாவில் இருப்பவரிடம் காசு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். மனம் தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, 104க்கும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. இதைக் கடைவீதியில் உள்ள ஒவ்வொருவரும் போனில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும், தனக்கு இல்லாவிட்டாலும் பக்கத்துக் கடைக்காரருக்காக.

கடைகள் சட்டத்தின் அந்த 11ஆம் பிரிவை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். “நான் மட்டும் செவ்வாய்க்கிழமை மூடினா, எதிர்க்கடைக்குப் போற ஆளு புதன்கிழமையும் அங்கியே போவான் மாப்ள.”

“அப்ப எதிர்க்கடையையும் மூடச் சொல்லுங்க மச்சான். இ-பாஸுக்கு எல்லாரும் சேந்து மூடுனீங்கல்ல?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் போனபோது, கேக் டப்பா அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார்: ‘வார விடுமுறை’. அதன்கீழே ஒரு கோடு, கோட்டை அடுத்து ‘கிழமை’. வரிசையில் ஐந்து கடைகளிடம் பேசியிருக்கிறார். மூன்று பேருக்குச் செவ்வாய் சம்மதம். மளிகைக்காரருக்குச் செவ்வாய் சரக்கு வரும் நாள். வியாழன் என்றால் யோசிக்கலாம் என்றாராம். எதிர்க்கடைக்காரர் சீசன் முடியட்டும் என்றிருக்கிறார்.

அட்டை கல்லாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது. கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றையும் ரப்பர் பேண்டு போட்டு அதோடு கட்டி வைத்திருக்கிறார். “எந்தக் கிழமையா இருந்தாலும் சரிங்கண்ணா” என்றார் அவர் மனைவி, வர்க்கிப் பொட்டலத்துக்கு முடிச்சுப் போட்டபடியே. “சீக்கிரம் எழுதச் சொல்லுங்க.”